உஷார்! உங்கள் செல்லத்தின் காலுக்குள் கம்பி இருக்கிறதா?

உங்கள் நாய்க்கோ பூனைக்கோ கால் முறிந்து, உள்ளே பிளேட், ஸ்க்ரூ, பின் என்று ஏதாவது ஓர் உலோகத்தை வைத்துத் தைத்து அனுப்பியிருக்கிறார்களா? அப்படியென்றால் இதை அப்புறம் படிக்கலாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வீட்டுக்கு வந்து, துள்ளி ஓடவும் தொடங்கிய பிறகு காலை இழந்த செல்லங்கள் உண்டு. அறுவை செய்த டாக்டர் ஒரு குறையும் வைத்திருக்க மாட்டார். அதன் பிறகு வந்த மறதியோ அவசரமோ காரியத்தைக் கெடுத்திருக்கும்.

மறதி என்றால், எடுக்க வேண்டிய கம்பியை எடுக்காமல் விட்டுவிடுவது. அவசரம் என்றால், எடுக்கக் கூடாத நேரத்தில் "சீக்கிரம் எடுத்து விட்டுடுங்க டாக்டர்" என்று நச்சரிப்பது. இரண்டுக்கும் அடியில் ஒரே தப்புக்கணக்குதான் இருக்கிறது: காலை ஊன்றி நடக்கிறது, அதனால் எலும்பு கூடிவிட்டது என்ற கணக்கு. பிளேட் வைத்த சில நாளிலேயே காலை ஊன்றும் நாய்கள் எத்தனையோ. அந்த நேரத்தில் அதன் எடையைப் பெரும்பாலும் சுமந்துகொண்டிருப்பது உள்ளே வைத்த உலோகம். எலும்பு கூடியதா என்று நடையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் பாதி ஆபத்து விலகிவிடும்.

உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள்?

"ஏதோ கம்பி வெச்சிருக்காங்க" என்ற பதில் போதாது. எந்த உலோகம் என்பதைப் பொறுத்துத்தான் எடுப்பதா வேண்டாமா என்பதே அமையும்.

முதலாவது, பின். தொடை எலும்பு போன்ற நீள எலும்பின் மஜ்ஜைக் குழிக்குள் நெடுக்காகச் செருகும் வழவழப்பான எஃகுக் கம்பி இது. எலும்பு வளைவதை நன்றாகத் தாங்கும். ஆனால் முறிந்த துண்டுகள் திருகிக்கொள்வதைத் தனியாகத் தடுக்க இதனால் முடியாது. அதனால்தான் சில சமயம் எலும்பைச் சுற்றி மெல்லிய கம்பியும் கட்டுகிறார்கள். பின்னுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பிடிமானம் தளர்ந்தால் மெல்ல மெல்ல இடம் நகரும். அதனால் எலும்பு கூடிய பிறகு பெரும்பாலும் பின்னை எடுத்துவிடச் சொல்வார்கள்.

இரண்டாவது, பிளேட்டும் ஸ்க்ரூவும். 316எல் என்ற வகைத் துருப்பிடிக்காத எஃகிலோ டைட்டானியத்திலோ செய்யப்பட்டவை. வளர்ந்த நாய், பூனைகளுக்கு வைத்த பிளேட் தொந்தரவு தராதவரை ஆயுசுக்கும் அங்கேயே இருக்கலாம். லாப்ரடார் மாதிரி பெரிய நாய்களுக்கு முழங்கால் ஜவ்வு அறுந்தால் செய்யும் டி.பி.எல்.ஓ. அறுவையிலும் பிளேட்தான் வைக்கிறார்கள். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் பார்க்லே ஸ்லோகம் 1993-இல் வெளியிட்ட முறை இது. அந்தப் பிளேட்டையும் வழக்கமாக எடுப்பதில்லை. எடுக்க நேர்ந்தால் அதற்கு முக்கியக் காரணம் சீழ் பிடிப்பதுதான்.

மூன்றாவது, வெளியே தெரியும் கம்பிச் சட்டம். தோலைத் துளைத்து எலும்புக்குள் போகும் கம்பிகளை வெளியே ஒரு தண்டில் பூட்டியிருப்பார்கள். எலும்பு கூடியதும் இதைக் கழற்றியே ஆகவேண்டும். உடம்பைத் திறக்க வேண்டியதில்லை. லேசான மயக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் அதுவரை ஒவ்வொரு கம்பியும் தோலுக்குள் நுழையும் இடத்தை டாக்டர் சொன்னபடி சுத்தமாக வைத்திருக்க வேண்டும். கேட்டிலும் ஜன்னல் கிரில்லிலும் சட்டம் மாட்டி இழுபடாமல் காவல் இருக்க வேண்டும்.

மறந்துபோன பின் என்ன செய்யும்?

தொடை எலும்பில் வைத்த பின்னின் மேல்முனை இடுப்பு மூட்டுக்குப் பக்கத்தில் எலும்பை விட்டுக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பிறகு பிடித்து இழுக்க வசதியாக. அதற்கு வெகு அருகில்தான் சயாட்டிக் நரம்பு போகிறது. பின்னங்காலின் பெரும்பகுதிக்கு உணர்வையும் அசைவையும் தருகிற நரம்பு.

பின் தளர்ந்து மேலே ஏறினால், இடுப்புப் பக்கம் தடவும்போது தோலுக்கடியில் கூராக ஒரு மேடு தட்டுப்படும். சுற்றிலும் நீர் கோத்துப் பொதபொதவென்று வீங்கும். அந்த இடத்தைத் தொட்டால், எப்போதும் மடியில் கிடக்கும் பூனைகூடச் சீறித் திரும்பும். நரம்பு பாதிக்கப்பட்டால் பாதம் மடங்கிப்போகும். பாதத்தின் மேல்புறம் தரையில் உரச உரச நடக்கும். நகம் தேயும், தோல் கிழியும், ரத்தம் வரும், அதற்கு அது தெரியக்கூடத் தெரியாது. நரம்பு எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கால் திரும்பக் கிடைப்பது. பின் கீழ்நோக்கி இறங்கினாலோ முழங்கால் மூட்டுக்குள் நுழைந்து குருத்தெலும்பைக் கீறிவிடும்.

இதெல்லாம் ஒரே நாளில் நடப்பதில்லை. "கொஞ்சம் நொண்டுது, குளிர்ல இருக்கும்" என்று தள்ளிப்போடும் வாரங்களில்தான் நடக்கிறது.

குட்டிகளுக்குக் கெடு மிகக் குறைவு

ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டிக்கு உலோகம் வைத்திருந்தால் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. குட்டிகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். பெரும்பாலான நாய்க்குட்டிகள் 4 முதல் 8 மாதத்துக்குள் வேகமாக வளரும். ஒரு வயது வாக்கில் இந்தத் தட்டுகள் மூடும், பெரிய இனங்களுக்கு இன்னும் சற்றுத் தாமதமாகும்.

அந்தத் தட்டைக் கடந்து மெல்லிய வழவழப்பான கம்பி வைத்தால் எலும்பு ஓரளவு வளர இடம் இருக்கும். பிளேட்டோ ஸ்க்ரூவோ குறுக்கே பிடித்துக்கொண்டால் வளர்ச்சி அங்கே பூட்டப்பட்டுவிடும். கால் குட்டையாகும், அல்லது ஒரு பக்கமாக வளையும். முன்னங்காலில் இரண்டு எலும்புகள் பக்கம் பக்கமாக இருப்பதால், ஒன்று வளராமல் நின்று மற்றது வளர்ந்தால் மணிக்கட்டு வெளிப்பக்கம் திரும்பி, கால் கோணிப்போகும், முழங்கை மூட்டும் விலகும்.

நல்ல செய்தி, குட்டிகளின் எலும்பு வேகமாகக் கூடும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு 2 முதல் 4 வாரமே போதும். கெட்ட செய்தியும் அதிலேயே இருக்கிறது: எடுப்பதற்கான காலம் நாம் நினைப்பதற்கு முன்பே வந்துவிடும். "நாலு வாரத்துல கூட்டிட்டு வாங்க" என்று டாக்டர் சொன்னால் நான்கு வாரத்தில் போங்கள். ஊர்த் திருவிழா, பிள்ளைகளின் பரீட்சை என்று மூன்று மாதம் தள்ளிப்போட்டால் அந்த மூன்று மாதத்திலும் குட்டி வளர்ந்துகொண்டேதான் இருக்கும், கம்பி பிடித்திருக்கும் காலைத் தவிர.

மூடி மூடித் திறக்கும் ஓட்டை

எங்கள் பகுதியில் ஒரு வீட்டில் பாமரேனியன் வளர்க்கிறார்கள். முன்னங்காலில் பிளேட் வைத்துப் பல மாதம் ஆகியிருந்தது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே, முடி உதிர்ந்த இடத்தில், கடுகளவு ஓர் ஓட்டை. அதிலிருந்து மஞ்சளாகத் துளித்துளியாகக் கசியும். நாய் விடாமல் நக்கும். அந்த வீட்டுப் பெண் மஞ்சள் தூளைக் குழைத்துத் தடவுவார். சில நாளில் ஓட்டை மூடிக்கொள்ளும். "ஆறிடுச்சுக்கா" என்பார் என்னிடம். கொஞ்ச நாள் கழித்து அதே இடம் மறுபடி திறக்கும். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்ததும் உண்டு. மாத்திரை ஓடும்வரை ஓட்டை மூடியிருக்கும், நிறுத்தினால் திறக்கும்.

அந்த ஓட்டை தோல் வியாதி இல்லை. உள்ளே பிளேட்டில் உட்கார்ந்திருக்கும் கிருமி, சீழை வெளியேற்ற வெட்டிக்கொண்ட வழி. நாய்களின் தோலிலும் வாயிலும் இயல்பாகவே வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்ற பாக்டீரியாதான் இதில் அடிக்கடி அகப்படும் குற்றவாளி. உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டதும் இது தன்னைச் சுற்றிப் பிசுபிசுப்பான ஒரு படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது. அந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமியை மருந்தோ உடம்பின் எதிர்ப்புச் சக்தியோ முழுதாக எட்ட முடியாது. மாத்திரை வெளியே பரவியதைக் கொல்லும். உள்ளே இருப்பது காத்திருக்கும். அரைகுறையாக மாத்திரை கொடுத்து நிறுத்தும் ஒவ்வொரு முறையும் மருந்துக்கு மசியாத கிருமியை நாமே வளர்த்துவிடுகிறோம்.

பாமரேனியனுக்குக் கடைசியில் எக்ஸ்-ரே எடுத்தார்கள். எலும்பு கூடியிருந்தது, கீழ்முனையில் ஸ்க்ரூவைச் சுற்றி எலும்பு அரித்துக் கறுப்பு வளையமாகத் தெரிந்தது. பிளேட்டைக் கழற்றும்போது அந்த ஸ்க்ரூ கையோடு வந்ததாம். சீழைக் கல்ச்சருக்கு அனுப்பி, அதற்கேற்ற மருந்தைக் கொடுத்தார்கள். அதன் பிறகு ஓட்டை திறக்கவே இல்லை. மஞ்சளும் மாத்திரையும் பல மாதம் போராடியும் முடியாததை, உலோகத்தை வெளியே எடுத்தது முடித்துவைத்தது.

ஆனால் இங்கேதான் இன்னோர் எச்சரிக்கை. சீழ் வந்துவிட்டதே என்று பதறி, எலும்பு கூடும் முன்பே பிளேட்டை எடுக்கச் சொல்லாதீர்கள். ஆடாமல் அசையாமல் பிடித்திருந்தால், கிருமி இருந்தாலும் எலும்பு கூடும். பிடிமானம் போனால் எலும்பும் கூடாது, கிருமியும் அடங்காது. அதனால் பிளேட் இறுக்கமாக இருக்கும்வரை மருந்தால் கிருமியை அடக்கிவைத்து, எலும்பு கூடிய பிறகு எடுப்பதுதான் வழக்கம். பிளேட்டே தளர்ந்துவிட்டால் கதை வேறு. வேறு விதமாக எலும்பைப் பிடிக்க வேண்டியிருக்கும்.

எக்ஸ்-ரே இல்லாமல் கை வைக்க விடாதீர்கள்

எக்ஸ்-ரே என்றால் ஒரு படம் போதாது. நேர்கோணத்தில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு வேண்டும். ஒவ்வொரு படத்திலும் எலும்பின் வெளிச்சுவர் இரண்டு கோடாகத் தெரியும். இரண்டு படத்துக்கும் சேர்த்து நான்கு. முறிந்த இடத்தில் அந்த நான்கு கோட்டில் குறைந்தது மூன்று, புது எலும்பால் தொடர்ச்சியாக இணைந்திருக்க வேண்டும். அதோடு கம்பி நகர்ந்திருக்கிறதா, ஸ்க்ரூவைச் சுற்றி எலும்பு கரைந்திருக்கிறதா, பிளேட் வளைந்தோ உடைந்தோ இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஒரே கோணத்தில் எடுத்த படத்தில் கூடியதுபோலத் தெரியும் எலும்பு, இன்னொரு கோணத்தில் பிளந்தபடி இருக்கலாம்.

வயது வந்த நாய்க்கு எலும்பு கூட இரண்டு மூன்று மாதமாவது ஆகும். இறுக்கமாகப் பிளேட் போட்ட எலும்பு முழுப் பலம் பெற அதைவிட அதிக காலம் எடுக்கும். சிவாவா, மினியேச்சர் பின்ஷர், பாமரேனியன் போன்ற சின்ன இனங்கள் சோபாவிலிருந்து குதித்து முன்னங்கையை உடைத்துக்கொள்வது அடிக்கடி நடப்பது. அந்த எலும்பு நம் சுண்டுவிரலைவிட மெல்லியது. மணிக்கட்டுக்கு மேலே சதையும் ரத்த ஓட்டமும் குறைவு. கூடுவது தாமதமாகும், கூடாமலே போவதும் உண்டு. போதாததற்கு, பிளேட் எல்லாச் சுமையையும் தானே தாங்கிக்கொண்டால் அடியில் இருக்கும் எலும்பு வேலையில்லாமல் மெலிந்துவிடும். திடீரென்று மொத்தத்தையும் கழற்றினால் அந்த எலும்பு தாங்காது. அதனால் சில டாக்டர்கள் முதலில் சில ஸ்க்ரூவை மட்டும் எடுத்து, எலும்பு பலப்பட்ட பிறகு மீதியை எடுப்பார்கள். "எதுக்கு டாக்டர் ரெண்டு ஆபரேஷன்?" என்று கோபப்படாமல் காரணம் கேளுங்கள்.

ஆயுசுக்கும் வைத்திருக்கலாம் என்ற பிளேட்டையும் சில காரணங்களுக்காக எடுக்க நேரும். சதை குறைந்த இடத்தில் பிளேட்டின் விளிம்பு தோலை உரசிப் புண்ணாக்கும். உலோகம் குளிரைக் கடத்துவதால் ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் இருக்கும் நாய்கள் சிலவற்றுக்குக் குளிர்காலத்தில் அந்தக் கால் வலிக்கும். மிக அரிதாக, பல வருஷம் கழித்து உலோகம் இருந்த எலும்பில் புற்றுநோய் வந்ததும் பதிவாகியிருக்கிறது. இதைக் கேட்டுப் பயந்து, எந்தத் தொந்தரவும் இல்லாத பிளேட்டை எடுக்க ஓட வேண்டாம். வயதான நாய்க்குப் பழைய ஆபரேஷன் கால் புதிதாக வீங்கினாலோ வலித்தாலோ அலட்சியமாக விட வேண்டாம், அவ்வளவுதான்.

"சின்ன ஆபரேஷன்தானே?"

எடுப்பது வைப்பதைவிடச் சுலபம் என்று நினைப்பவர்கள் அதிகம். பிளேட்டின் மேல் எலும்பு வளர்ந்து மூடியிருக்கலாம். பிளேட்டோடு மரை பூட்டிக்கொள்ளும் லாக்கிங் ஸ்க்ரூக்கள், அதிலும் டைட்டானியத்தில் செய்தவை, இறுகி ஒன்றாகிவிடுவது உண்டு. ஸ்க்ரூவின் தலைக்குழிக்குப் பொருந்தாத திருப்புளியைப் போட்டுத் திருகினால் குழி வழுக்கிவிடும். பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். ஸ்க்ரூ பாதியில் முறிவதும் நடக்கும். 1.5, 2.0, 2.7, 3.5 மில்லிமீட்டர் என்று அளவுகள் பல. தலையின் வடிவமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். முதல் ஆபரேஷன் செய்த இடத்திலேயே எடுக்க முடிந்தால் நல்லது. வேறு ஊருக்கு மாறிவிட்டீர்கள் என்றால், என்ன வைத்தார்கள் என்ற விவரம் எழுத்தில் இல்லாமல் போனால் புது டாக்டர் இருட்டில் துழாவ வேண்டியிருக்கும்.

பின்தானே, கம்பவுண்டரை வீட்டுக்கு வரச்சொல்லி உருவிவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். மயக்கமும் சுத்தமும் இல்லாமல் உருவினால் வலியில் நாய் துடிக்கும், எலும்பு திரும்ப உடையும், கிருமி மஜ்ஜைக்குள் இறங்கும். இந்தியக் கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டம், 1984 என்று ஒன்று இருக்கிறது. அதன்கீழ் பதிவு பெற்ற மருத்துவர்கள்தான் கால்நடை மருத்துவம் பார்க்கலாம். எலும்பு அறுவையில் பயிற்சி பெற்றவரைத் தேடுங்கள். செலவு பயமுறுத்தினால், 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே விசாரியுங்கள்.

முழு மயக்கம் என்பதையும் சின்னதாக நினைக்காதீர்கள். முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை தேவை. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம். எர்லிச்சியா என்ற கிருமி நாயின் ரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும். வெளியே நன்றாக இருப்பதுபோலத் தெரியும் நாய்க்கு அறுவையின்போது ரத்தம் நிற்காமல் போகலாம். சிறுநீரகம், கல்லீரல், இதயம் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மயக்கம் தெளியும்போது மூச்சுத் திணறும் அபாயம் அதிகம். எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டும் என்பதை டாக்டரிடமே கேளுங்கள். நாய்க்குச் சொன்னதை முயலுக்குச் செய்துவிடாதீர்கள், முயலைப் பட்டினி போடக் கூடாது.

எடுத்த பிறகுதான் பெரிய கண்டம்

பிளேட்டை எடுத்த மறுநாள் நாய் உற்சாகமாக இருக்கும். அதுதான் ஆபத்து. ஸ்க்ரூ இருந்த இடமெல்லாம் எலும்பில் வரிசையாக ஓட்டை. தபால்தலைத் தாளை அதன் துளை வரிசையில் மடக்கினால் எப்படிக் கிழிகிறதோ, திருகலும் குதியலும் அந்த ஓட்டைகளில்தான் எலும்பை உடைக்கும். ஓட்டைகள் நிரம்பி எலும்பு பலம் பெறக் குறைந்தது 4 முதல் 8 வாரமாவது கட்டுப்பாடு தேவை. எத்தனை வாரம் என்று உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கட்டுப்பாடு என்றால், "பாவம், கொஞ்ச நேரம் ஓடட்டுமே" என்ற இரக்கத்துக்கு இடமில்லை. சின்ன அறையிலோ கூண்டிலோ வைத்திருங்கள். சிறுநீர் கழிக்க மட்டும் குட்டைச் சங்கிலியில் நடத்திக் கூட்டிப்போங்கள். வழவழ டைல்ஸ் தரைதான் நம் வீடுகளில் பெரிய எதிரி: கால் ஒருமுறை வழுக்கி விரிந்தால் போதும். நடக்கும் வழியெல்லாம் சணல் சாக்கையோ பழைய யோகா மேட்டையோ விரித்துவிடுங்கள். மாடிப்படிக்குக் குறுக்கே தடுப்பு வையுங்கள். சோபாவும் கட்டிலும் வேண்டாம். காலிங் பெல் சத்தத்துக்குப் பாயும் நாயென்றால் கொஞ்ச நாளைக்குப் பெல்லை நிறுத்திவையுங்கள். பைக்கில் முன்னால் உட்காரவைத்து மருத்துவமனைக்குப் போகாதீர்கள், ஆட்டோ பிடியுங்கள்.

இன்னொன்று, தேதி. அவசரம் இல்லாத அறுவை என்றால் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வைத்துக்கொள்ளாதீர்கள். வெடிச்சத்தத்துக்கு மிரண்டு, கதவில் மோதி, மதில் ஏறிக் குதிக்கும் நாய்க்கு, ஓட்டை விழுந்த எலும்பு தாங்காது.

தையலை நக்கவிடக் கூடாது. கழுத்தில் மாட்டும் கூம்பை, பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று கழற்றிவிடுவதும், அன்று ராத்திரியே தையலைக் கடித்துப் பிரித்துவிடுவதும் அன்றாடம் நடக்கிற கதை. தையல் பிரிக்கும்வரை, வழக்கமாக 10 முதல் 14 நாள், கூம்பு கழுத்திலேயே இருக்கட்டும்.

நம் மாத்திரை அதற்கு விஷம்

வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். பாதி மாத்திரைகூட உயிரைப் பறிக்கக்கூடும். அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாக மாறும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாய், பூனைக்கென்றே வலி மருந்துகள் இருக்கின்றன. எடை பார்த்து டாக்டர் எழுதித் தருவதை மட்டும் கொடுங்கள்.

தெருச் செல்லங்களைக் காப்பாற்றுகிறவர்களுக்கு

வண்டியில் அடிபட்ட தெருநாயைத் தூக்கிப்போய், கைக்காசைப் போட்டு ஆபரேஷன் செய்துவைக்கும் நல்ல உள்ளங்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பின் வைத்த நாயை, நடக்க ஆரம்பித்ததும் பழைய தெருவிலேயே விட்டுவிடாதீர்கள். ஒருமுறை விட்டால் திரும்பப் பிடிப்பது பெரும்பாடு; ஆபரேஷன் வலி நினைவிருக்கும் நாய் உங்களைக் கண்டாலே ஓடும். நகர்ந்த பின்னோடு, சீழ் கசியும் காலோடு அது எங்கே கிடக்கிறது என்றுகூட உங்களுக்குத் தெரியாது.

அறுவைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள்: "இது தெருநாய் சார், இத்தனை வாரம்தான் எங்களால வெச்சுப் பார்க்க முடியும்." அதை வைத்து, திரும்ப எடுக்கத் தேவையில்லாத உலோகத்தைத் தேர்வு செய்ய முடியுமா, அல்லது காலை எடுத்துவிடுவதே அந்த உயிருக்கு நல்லதா என்று அவர் யோசிப்பார். மூன்று காலில் நன்றாக வாழும் நாய்கள் நிறைய. எடுக்க ஆளில்லாத கம்பியோடு நான்கு காலில் நரகத்தை அனுபவிப்பதைவிட அது மேல்.

இந்த அறிகுறி தெரிந்தால் அன்றைக்கே கிளம்புங்கள்

- நன்றாக நடந்த கால் திடீரென்று மறுபடி நொண்டுகிறது, அல்லது ஊன்றவே மறுக்கிறது.
- தோலுக்கடியில் கூராக ஏதோ தட்டுப்படுகிறது; கம்பி முனை வெளியே எட்டிப் பார்க்கிறது. நீங்களே தள்ளவோ இழுக்கவோ கூடாது.
- ஆபரேஷன் செய்த இடம் சுடுகிறது, வீங்குகிறது, சீழ் கசிகிறது.
- ஒரே இடத்தை ஓயாமல் நக்குகிறது, கடிக்கிறது.
- பாதம் மடங்கி, மேல்புறம் தரையில் உரசுகிறது.
- குட்டியின் கால் குட்டையாகவோ கோணலாகவோ தெரிகிறது.
- காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை, சுருண்டே கிடக்கிறது.

பூனை வைத்திருப்பவர்கள் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். பூனை வலியைக் காட்டிக்கொள்ளாது. ஜன்னல் திட்டில் ஏறுவதை நிறுத்திவிட்டது, கட்டிலுக்கடியிலேயே கிடக்கிறது, தூக்கினால் உறுமுகிறது என்றால் அதுதான் அதன் புகார்.

டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை

- என்ன வைத்தீர்கள்? எஃகா டைட்டானியமா? எந்த கம்பெனி, பிளேட்டின் அளவு என்ன, ஸ்க்ரூவின் அளவும் எண்ணிக்கையும் என்ன?
- இதை எடுக்க வேண்டுமா, ஆயுசுக்கும் விட்டுவிடலாமா? எடுப்பதென்றால் எப்போது?
- அடுத்த எக்ஸ்-ரே எந்தத் தேதியில்?
- எடுப்பதற்கு எவ்வளவு செலவாகும்? முதல் செலவில் அது சேர்ந்ததா, தனியா?
- எடுத்த பிறகு எத்தனை வாரம் கட்டுப்பாடு?

எக்ஸ்-ரேவை லைட்டுக்கு எதிரே பிடித்து மொபைலில் எடுத்த படம் போதாது. ஒரிஜினல் ஃபைலாகவே கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை வீட்டில் ஒன்றும் போனில் ஒன்றுமாக வையுங்கள். ஊருக்குப் போகும்போது செல்லத்தைப் பார்த்துக்கொள்பவரிடமும், தத்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்பவரிடமும், "இதுக்குக் காலில் கம்பி இருக்கு" என்று தெளிவாகச் சொல்லிக் காகிதங்களையும் கொடுங்கள். நீங்கள் தத்தெடுக்கும் நாயின் காலில் பழைய தையல் தழும்பு தெரிந்தால் கேளுங்கள்; பதில் கிடைக்காவிட்டால் ஓர் எக்ஸ்-ரே எடுத்துவிடுங்கள். பின்னாளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவைப்பட்டாலும் உள்ளே உலோகம் இருப்பதை அந்த டாக்டருக்கு முதலிலேயே சொல்ல வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது, அது எத்தனை நாள் இருக்கலாம் என்று கேட்க அந்த வாயில்லாத உயிரால் முடியாது. அதன் சார்பில் கேட்க வேண்டியவர் நீங்கள். ஆகவே இன்றைக்கே அந்த ஃபைலைத் தேடி எடுங்கள். கடைசி எக்ஸ்-ரே எப்போது எடுத்தது என்று பாருங்கள். ரிவ்யூ தேதி தாண்டியிருந்தால், நாய் எவ்வளவு நன்றாக ஓடினாலும் சரி, நாளைக் காலையில் மருத்துவமனைக்குப் போன் போட்டு நேரம் வாங்குங்கள். ஃபைலே இல்லையென்றால் ஆபரேஷன் செய்த இடத்தில் நகல் கேளுங்கள். போன் போட்டு முடித்த கையோடு, செல்லத்துக்கு ஆபரேஷன் செய்த உங்கள் நண்பர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: "உள்ளே வெச்ச கம்பி என்ன ஆச்சு?"